ஆங்கிலப் பாடத்தின் அணிகளும் இலக்கணமும்: தமிழ் வகுப்பில் படித்ததை வைத்தே கற்றுக்கொள்வது எப்படி?

குன்னூரில் எங்கள் வீட்டு முன்னறையில் மாலை நேரத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து படிப்பார்கள். ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு. அவர்களில் ஒரு மாணவன் ஒருநாள் "ஐ லைக் டீ" என்ற வாக்கியத்துக்குக் கீழே கோடு போட்டு, பக்கத்தில் "சிமிலி" என்று எழுதியிருந்தான். ஏன்ப்பா என்று கேட்டேன். "லைக் இருக்கே டீச்சர்" என்றான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. "லைக், ஆஸ் வந்தால் சிமிலி" என்று மட்டும்தான் மனப்பாடம் செய்திருந்தான். அதே பையனிடம் "எனக்குத் தேநீர் பிடிக்கும் என்பது உவமை அணியா?" என்று கேட்டதும் சிரித்துவிட்டான். உவமைக்கு இரண்டு பொருள் வேண்டும், இங்கே எதை எதோடு ஒப்பிட்டிருக்கிறது என்று அவனே திருப்பிக் கேட்டான். தமிழ் வகுப்பில் தெளிவாகத் தெரிந்த விஷயம் ஆங்கில வகுப்பில் தெரியாத விஷயமாகிவிடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். அதைத்தான் இங்கே செய்யப்போகிறோம்.

தேவையானவை: ஒரு கோடு போட்ட நோட்டு, இரண்டு நிறப் பேனா, ஆங்கிலப் பாடநூல், தமிழ்ப் பாடநூலின் இலக்கணப் பகுதி. ஒரு நாளைக்கு அரைமணி நேரம் போதும். நான் இங்கே தமிழ் எழுத்தில் தருகிற ஆங்கில வாக்கியங்களை நீங்கள் நோட்டில் ஆங்கிலத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

படி 1: பெயரை மறந்துவிட்டு, வாசலைப் பாருங்கள்

முதல் நாள் ஒரு வரையறையும் படிக்க வேண்டாம். வாசலில் நின்று கண்ணில் படுவதைத் தமிழில் மூன்று வாக்கியமாக எழுதுங்கள். நம் ஊரில் பெரும்பாலும் முதல் வாக்கியம் பனிமூட்டத்தைப் பற்றித்தான் இருக்கும். "பனி வெள்ளைப் போர்வை மாதிரி தேயிலைத் தோட்டத்துமேல கிடக்குது" என்று ஒரு மாணவி எழுதினாள். வீட்டில் படுகு மொழி பேசுகிற பிள்ளைகள் முதலில் படுகிலேயே சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினாலும் நல்லது.

அந்த ஒரே வாக்கியத்தை இனி ஒவ்வொரு படியிலும் திருப்பித் திருப்பி எழுதப்போகிறோம். பத்து அணிக்குப் பத்து எடுத்துக்காட்டு படிப்பதைவிட, ஒரே காட்சியைப் பல விதமாக எழுதிப் பார்ப்பது மனசில் நிற்கிறது. இது நான் பிள்ளைகளிடம் கண்டது.

படி 2: சிமிலியும் மெட்டஃபரும்

"தி மிஸ்ட் இஸ் லைக் எ பிளாங்கெட்." பனியைப் போர்வையோடு ஒப்பிட்டாயிற்று, ஒப்பிடும் சொல்லும் வெளியே தெரிகிறது. இது சிமிலி, நம் உவமை அணி. இப்போது "லைக்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். "தி மிஸ்ட் இஸ் எ பிளாங்கெட்." பனிதான் போர்வை, இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிட்டோம். இது மெட்டஃபர், நம் உருவக அணி.

ஒவ்வொரு முறையும் நோட்டில் இரண்டு கேள்வி எழுதுங்கள். எது ஒப்பிடப்படுகிறது? எதோடு ஒப்பிடப்படுகிறது? இரண்டுக்கும் விடை கிடைக்காவிட்டால், லைக் இருந்தாலும் ஆஸ் இருந்தாலும் அது சிமிலி இல்லை. "ஐ லைக் டீ" முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். "ஆஸ் இட் வாஸ் ரெய்னிங், வி ஸ்டேயட் ஹோம்" என்பதில் ஆஸ் என்றால் "மழை பெய்ததால்". அதுவும் சிமிலி இல்லை.

தமிழை அப்படியே பொருத்தினால் தவறு வருகிற இடம் ஒன்று இங்கே இருக்கிறது. "மலர்முகம்" என்றால் மலர் போன்ற முகம். "போன்ற" என்ற உருபு மறைந்திருந்தாலும் தமிழில் அது உவமைத்தொகைதான். "முகமலர்" என்று சொல்லை மாற்றிப் போட்டால், முகமாகிய மலர், உருவகம். ஆக, தமிழில் எந்தச் சொல் முன்னால் வருகிறது என்பது முக்கியம். ஆங்கிலத்தில் அந்தக் கணக்கு கிடையாது. ஒப்பிடும் சொல் வெளியே இருந்தால் சிமிலி, இல்லாவிட்டால் மெட்டஃபர். உவமைத்தொகையை நன்றாகப் படித்த பிள்ளைகள்தான் இந்த இடத்தில் அதிகம் குழம்புகிறார்கள்.

எழுத்துப்பிழை ஒன்றும் சொல்லிவிடுகிறேன். சிமிலி என்ற சொல்லில் "எஸ்" எழுத்துக்கு அடுத்து ஓர் "ஐ" உண்டு. அதை விட்டுவிட்டால் "ஸ்மைல்" ஆகிவிடும். விடை தெரிந்தும் இந்த ஓர் எழுத்தால் மதிப்பெண் போவதைப் பார்க்க எனக்கு மனசு பொறுக்காது. பத்து முறை எழுதிப் பழகுங்கள்.

படி 3: பெர்சானிஃபிகேஷன்

"தி மிஸ்ட் ஸ்லெப்ட் ஆன் தி டீ புஷஸ்." தேயிலைச் செடிமேல் பனி தூங்கியது. தூங்குவது உயிருள்ளவை செய்யும் செயல். அதைப் பனிக்கு ஏற்றிவிட்டோம். மனிதரின் செயலையோ உணர்வையோ மனிதரல்லாத ஒன்றுக்குக் கொடுப்பது பெர்சானிஃபிகேஷன்.

இதற்குத் தற்குறிப்பேற்ற அணி என்று பலர் எழுதிவைத்துக்கொள்கிறார்கள். பாதி சரி. தற்குறிப்பேற்றத்தில் இன்னொன்றும் வேண்டும்: இயல்பாக நடக்கும் நிகழ்ச்சிக்குக் கவிஞர் தாமாக ஒரு காரணம் கற்பிக்க வேண்டும். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் அசைகின்றன. கோவலனையும் கண்ணகியையும் "வராதீர்கள்" என்று கை காட்டித் தடுப்பதற்காகவே அசைந்தன என்று இளங்கோவடிகள் காரணம் ஏற்றுகிறார். அங்கே கொடிக்குக் கை வந்ததால் பெர்சானிஃபிகேஷனும் உண்டு, காரணம் வந்ததால் தற்குறிப்பேற்றமும் உண்டு.

நம் வீட்டுக் காற்றை வைத்துப் பார்ப்போம். "காற்று கதவைத் தட்டியது" வெறும் பெர்சானிஃபிகேஷன். "குளிர் தாங்காமல் உள்ளே வர இடம் கேட்டுக் காற்று கதவைத் தட்டியது" என்றால் தற்குறிப்பேற்றமும் சேர்ந்துவிடுகிறது. ஆங்கிலத் தேர்வில் இரண்டுக்குமே பெர்சானிஃபிகேஷன் என்று எழுதலாம். தமிழ்த் தேர்வில் முதல் வாக்கியத்துக்குத் தற்குறிப்பேற்றம் என்று எழுதினால் தவறு.

படி 4: காதால் படிக்க வேண்டியவை

அலிட்டரேஷன், ரைம், ஒனமடோபியா மூன்றையும் வாய்விட்டுப் படிக்காமல் கற்க முடியாது. கண்ணை நம்பாதீர்கள், காதை நம்புங்கள்.

அலிட்டரேஷன் நம் மோனைக்குப் பக்கத்தில் இருப்பது. "கூல் கிளவுட்ஸ் கவர் குன்னூர்" என்று சொல்லிப் பாருங்கள், நான்கு சொல்லிலும் முதலில் "க்" ஒலி. ஆனால் ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் ஒன்றாகவே போவதில்லை. "கேட்" என்ற பூனையும் "சிட்டி" என்ற நகரமும் ஒரே "சி" எழுத்தில் தொடங்கினாலும் ஒலி வேறு, அதனால் அலிட்டரேஷன் இல்லை. "நைஃப்" தொடங்குவது "கே" எழுத்தில், "நைட்" தொடங்குவது "என்" எழுத்தில். ஆனாலும் இரண்டும் "ந்" என்று ஒலிப்பதால் அலிட்டரேஷன் உண்டு. இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. தமிழில் சகரத்துக்குத் தகரமும், மகரத்துக்கு வகரமும், ஞகரத்துக்கு நகரமும் இன எழுத்தாகி மோனை அமையும். ஆங்கிலத்தில் அந்தச் சலுகை இல்லை.

ரைம் என்பது வரியின் கடைசியில் வரும் ஒலி ஒற்றுமை. நம் இயைபு. எதுகை என்று எழுதிவிடாதீர்கள், எதுகை இரண்டாம் எழுத்தில் வருவது. "அகர முதல" என்று தொடங்கும் குறளில் அகர, பகவன் என்று "க" ஒன்றுவது எதுகை. ரைம் ஸ்கீம் கேட்டால் ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லுக்கும் மட்டும் வட்டம் போடுங்கள். முதல் ஒலிக்கு "ஏ" என்ற எழுத்து. அடுத்த வரி அதே ஒலியில் முடிந்தால் மறுபடி "ஏ", புது ஒலியில் முடிந்தால் "பி". இங்கேயும் எழுத்து ஏமாற்றும். "லவ்", "மூவ்" இரண்டும் எழுதும்போது "ஓ, வி, ஈ" என்றுதான் முடியும். சொல்லிப் பார்த்தால் ஒலி சேராது.

ஒனமடோபியா ஒலிக்குறிப்புச் சொல். மலை ரயில் நீராவி விடும்போது கேட்கும் "ஹிஸ்", தேன்கூட்டின் "பஸ்". நம் இரட்டைக்கிளவியில் சலசல, படபட எல்லாம் இந்த வகை. ஆனால் "பளபள" காதில் கேட்பதில்லை, கண்ணில் தெரிவது. எனவே இரட்டைக்கிளவி எல்லாம் ஒனமடோபியா ஆகாது.

மற்றவை சுலபம். ஹைபர்பொலி நம் உயர்வு நவிற்சி. ரெபிட்டிஷன் என்றால் அதே சொல் மறுபடி மறுபடி வருவது. அபாஸ்ட்ரஃபி என்ற அணி, இல்லாதவரையோ உயிரற்றதையோ "மலையே!" என்று விளிப்பது; எழுத்துக்கு மேலே போடும் சிறு குறிக்கும் அதே பெயர் என்பதால் குழம்ப வேண்டாம்.

படி 5: இலக்கணத்துக்கும் அதே வழி

காலங்களில் தொடங்குங்கள், பிள்ளைகள் அதிகம் பயப்படுவது அங்கேதான். இலை பறிப்பதையே வைத்துக்கொள்வோம். "இலை பறித்தேன்" என்றால் "ஐ பிளக்ட்". "பறித்திருக்கிறேன்" என்றால் "ஐ ஹேவ் பிளக்ட்". "பறித்திருந்தேன்" என்றால் "ஐ ஹேட் பிளக்ட்". "பறித்துக்கொண்டிருக்கிறேன்" என்றால் "ஐ ஆம் பிளக்கிங்". தமிழில் "இருக்கிறேன்" ஒட்டினால் ஹேவ், "இருந்தேன்" ஒட்டினால் ஹேட் என்று பிடித்துக்கொண்டால் பெர்ஃபெக்ட் டென்ஸ் பாதி வந்துவிடும். மீதிப் பாதி இது: "நேற்று பத்து கிலோ பறித்திருக்கிறேன்" என்று தமிழில் தாராளமாகச் சொல்வோம். ஆங்கிலத்தில் "எஸ்டர்டே" வந்துவிட்டால் ஹேவ் வரக்கூடாது, "ஐ பிளக்ட் எஸ்டர்டே" என்றே எழுத வேண்டும்.

அடுத்து வாய்ஸ். செய்வினை, செயப்பாட்டு வினை உங்களுக்குத் தெரியும். "படு" துணைவினையாக வந்தால் செயப்பாட்டு வினை. ஆங்கிலத்தில் அந்த வேலையை "இஸ், வாஸ்" போன்ற துணைவினையும் வினையின் மூன்றாம் வடிவமும் சேர்ந்து செய்கின்றன. பேச்சில் நாம் "படு" போட்டுப் பேசுவது குறைவு, அதனால்தான் பேசிவ் வாய்ஸ் அந்நியமாகத் தெரிகிறது. எப்போது தேவை என்று புரிந்தால் பயம் போய்விடும். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் மலை ரயில் 1899-இல் குன்னூர் வரைக்கும் ஓடத் தொடங்கியது. பிறகு 1908-இல் ஊட்டிக்கு நீட்டித்தார்கள். யார் நீட்டித்தார்கள் என்பது இந்த வாக்கியத்துக்கு முக்கியமில்லை, பாதைதான் முக்கியம். அப்போது "தி லைன் வாஸ் எக்ஸ்டெண்டட் டு ஊட்டி இன் 1908" என்று எழுதுகிறோம். செய்தவரைவிடச் செயலும் செய்யப்பட்ட பொருளும் முக்கியமான இடத்தில் பேசிவ் இயல்பாக வரும்.

"எ", "ஆன்" குழப்பத்துக்கு "ஒரு", "ஓர்" போதும். ஒரு மரம், ஓர் இலை. உயிரெழுத்துக்கு முன் ஓர், ஆங்கிலத்தில் உயிர் ஒலிக்கு முன் ஆன். எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேளுங்கள்: "ஆன் அவர்", ஆனால் "எ யூனிவர்சிட்டி".

ஒப்பீட்டில் தமிழ் நம்மை வழுக்கி விடும். "இன்னும் உயரமான" என்று நினைத்துக்கொண்டே எழுதுவதால் "மோர் ஹையர்" வந்துவிடுகிறது. "ஹையர்" என்ற சொல்லுக்குள்ளேயே "இன்னும்" இருக்கிறது. குன்னூரைவிடத் தொட்டபெட்டா உயரம் என்றால் "தொட்டபெட்டா இஸ் ஹையர் தன் குன்னூர்". 2637 மீட்டர் உயரத்தோடு நீலகிரியிலேயே உயர்ந்த சிகரம் என்றால் "தி ஹையஸ்ட் பீக் இன் தி நீல்கிரிஸ்". சூப்பர்லேட்டிவ் வந்தால் முன்னால் "தி" போட மறக்காதீர்கள்.

நேர்கூற்று, அயற்கூற்றில் மட்டும் தமிழ் பெரிதாகக் கைகொடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். "தான் நாளைக்கு வருவதாக அம்மா சொன்னார்" என்றால் தமிழுக்குப் போதும், "நாளை" நாளையாகவே இருக்கலாம். ஆங்கிலத்தில் "வில்" என்பது "வுட்" ஆக வேண்டும், "டுமாரோ" என்பது "தி நெக்ஸ்ட் டே" ஆக வேண்டும். இதற்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

படி 6: விடை எழுதிப் பழகுவது

கவிதை வரியைக் கொடுத்து "ஃபிகர் ஆஃப் ஸ்பீச்" கேட்டால், பெயரை எழுதிவிட்டுப் பக்கத்தில் காரணத்தையும் ஒரு வரியில் எழுதிப் பழகுங்கள். "சிமிலி. தி மிஸ்ட் இஸ் கம்பேர்ட் டு எ பிளாங்கெட்." கேள்வியில் காரணம் கேட்காவிட்டாலும் நோட்டில் எழுதுங்கள். காரணம் எழுத வரவில்லை என்றால் அந்தப் பெயர் ஊகத்தில் வந்தது. படி 2-இன் இரண்டு கேள்விக்குத் திரும்பிப் போங்கள். ஒரே வரியில் இரண்டு அணி இருக்கலாம், அதற்குப் பயப்படாமல் இரண்டையும் எழுதிக் காட்டி ஆசிரியரிடம் கேளுங்கள்.

கேத்தி பக்கமிருந்து வரும் ஒரு மாணவி மார்கழியில் ஒருநாள் இப்படி எழுதியிருந்தாள்: "தி ஃப்ராஸ்ட் இஸ் கிளாஸ் ஆன் தி கேரட் லீவ்ஸ்." கேரட் இலைமேல் உறைபனி கண்ணாடி. பக்கத்தில் மெட்டஃபர் என்றும், எது, எதோடு என்றும் எழுதியிருந்தாள். கீழே பென்சிலில் ஒரு கேள்வி: "அம்மா நடக்கும்போது அது நொறுங்கும் சத்தத்தை எழுதினால் அதுக்குப் பேர் என்ன டீச்சர்?" நான் பெயரைச் சொல்லவில்லை. சத்தத்தை முதலில் எழுது, பிறகு படி 4-ஐப் பார் என்றேன். மறுநாள் "கிரஞ்ச், கிரஞ்ச்" என்று எழுதி, பக்கத்தில் அந்த நீளமான பெயரை ஒரு பிழையும் இல்லாமல் எழுதிக்கொண்டு வந்தாள்.