35 வயதுக்குப் பிறகு ரக்பி: சிங்கப்பூரிலிருந்து உங்கள் முதல் மூத்தோர் விழாவுக்குத் தயாராவது எப்படி?

மூத்தோர் ரக்பி விழா முடிந்த மறுநாள், யார் ஜெயித்தார்கள் என்று யாரும் பேசுவதில்லை. எந்த ஊர்க்காரர் நம் மேசையில் வந்து உட்கார்ந்தார், யாருடைய சட்டை யாரிடம் போனது, 70 வயதுக்காரர் ஒருவர் எப்படி ஓடினார் என்பதுதான் பேச்சு. அப்படி ஒரு விழாவில் முதல்முறையாக இறங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பள்ளியிலோ தேசிய சேவையிலோ விளையாடிவிட்டு, கல்யாணம், பிள்ளை, வேலை என்று பந்தை மறந்தவர்கள் படிக்கலாம். பந்தைத் தொட்டே பார்க்காதவர்களும் படிக்கலாம். நம்மவர்களில் பலர் காற்பந்து, கிரிக்கெட்டோடு நின்றுவிடுகிறார்கள். ரக்பி நமக்கு ஒத்துவராது என்று ஓர் எண்ணம். அது தேவையில்லாத தயக்கம் என்பது என் அனுபவம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதிரணிக்காரரைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பத் தெரிந்தவர்தான் நல்ல மூத்த ஆட்டக்காரர். கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் அதற்கான பயிற்சிதான்.

படி 1: இது என்ன விழா என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்த வகை விழாக்களில் உலகமெங்கும் தெரிந்த பெயர் ‘கோல்டன் ஓல்டீஸ்’. 1979இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் தொடங்கியது. 35 வயதைக் கடந்தவர்களுக்கான விழா. சாம்பியன் பட்டம் கிடையாது. வந்த அணிகள் எல்லாம் விளையாடும், அணிவகுத்து நடக்கும், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும். ஜப்பானில் இதற்கும் முன்பே, 1948இல், 40 வயதைக் கடந்தவர்களுக்காக ‘ஃபுவாகு’ என்ற மன்றம் தோன்றியது. அங்கே வயதைக் கால்சட்டையின் நிறமே சொல்லிவிடும். 60களில் இருப்பவருக்குச் சிவப்பு, 70களில் மஞ்சள், 80களில் ஊதா.

இந்த நிற ஏற்பாட்டை ஒட்டிய வழக்கம் மற்ற இடங்களிலும் உண்டு. குறிப்பிட்ட நிறம் போட்டவரை இடித்துச் சாய்க்கக் கூடாது, பிடித்து நிறுத்தலாம். எந்த நிறத்துக்கு எந்த விதி என்பது விழாவுக்கு விழா மாறும். ஆகவே ஆட்டத்துக்கு முன் நடுவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள்.

இரண்டு அணியின் முன்வரிசைக்காரர்களும் தலைகுனிந்து ஒருவரையொருவர் தள்ளிப் பந்துக்குப் போட்டிபோடுவது ஸ்க்ரம். மூத்தோர் ஆட்டங்களில் அது பெரும்பாலும் தள்ளுமுள்ளு இல்லாமல்தான் நடக்கும். இரண்டு அணியும் தோள்கோத்து நிற்கும், பந்தை உள்ளே போடும் அணிக்கே பந்து கிடைக்கும். கழுத்துக்கு வரும் ஆபத்தைக் குறைக்கும் ஏற்பாடு இது.

மற்றபடி அடிப்படை விதிகள் கொஞ்சம்தான். கையால் பந்தை முன்னோக்கி எறியக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னோக்கியோதான் கொடுக்கலாம். எதிரணி முனையில் உள்ள கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தி வைத்தால் ட்ரை, 5 புள்ளி. அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 2. முழு ஆட்டத்தில் அணிக்கு 15 பேர். நம் வட்டாரத்தில் மூத்தோருக்குப் பழக்கமானது 10 பேர் ஆடும் டென்ஸ். வழக்கமாகப் பாதிக்கு 10 நிமிடம். நம் வெயிலுக்கும் வயதுக்கும் அந்த அளவு சரியாக இருக்கும்.

படி 2: மருத்துவரைப் பாருங்கள்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பாருங்கள். வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். பலதுறை மருந்தகமோ வழக்கமான மருத்துவரோ, யாராக இருந்தாலும் “உடற்பயிற்சி செய்யப்போகிறேன்” என்று பொதுவாகச் சொல்ல வேண்டாம். “ஆள்மேல் ஆள் மோதும் விளையாட்டு” என்று தெளிவாகச் சொல்லுங்கள். கேட்கும் கேள்விகளே மாறிவிடும்.

படி 3: டச் ரக்பியில் தொடங்குங்கள்

நேராக மோதலுக்குப் போகாதீர்கள். டச் ரக்பியில் அணிக்கு 6 பேர் களத்தில் இருப்பார்கள். பிடித்துச் சாய்ப்பதற்குப் பதிலாகத் தொட்டாலே போதும், 6 முறை தொட்டுவிட்டால் பந்து மறுபக்கம் போகும். ஆண், பெண், இளையவர், மூத்தவர் எல்லாரும் கலந்து ஆடுவார்கள். சிங்கப்பூரில் மாலை நேரத்தில் திடல்களில் இப்படி ஆடும் குழுக்கள் நிறைய. போய் ஓரமாக நில்லுங்கள். ஆள் குறைந்தால் அவர்களே கூப்பிடுவார்கள்.

இங்கே கற்க வேண்டியது இரண்டு: பந்தைப் பின்னால் கொடுத்துப் பழகுவது, கொடுத்தவுடன் அதை வாங்கியவருக்குப் பின்னால் ஓடுவது. நீள்வட்டப் பந்து கைக்குப் பழக நாளாகும். வீட்டில் தொலைக்காட்சி பார்க்கும்போதுகூட மடியில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருங்கள். பெரியவர்களுக்கான பந்தின் அளவு எண் 5, அதையே வாங்குங்கள்.

படி 4: மன்றம் தேடுங்கள்

சிங்கப்பூரில் ரக்பிக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. சிங்கப்பூர் கிரிக்கெட் மன்றம் 1852இல் தொடங்கியது. அணிக்கு 7 பேர் ஆடும் அதன் செவன்ஸ் போட்டி பாடாங் திடலில் 1947 முதல் அறியப்பட்டது. அந்தத் திடல் 2022இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஒரு பக்கம் பழைய நகர மண்டபம், இன்னொரு பக்கம் சாலையும் கடல்காற்றும். அந்தப் புல்லில் நின்று பந்து பிடிப்பது தனி சுகம். வாண்டரர்ஸ், பெடோக் கிங்ஸ், பிளாக்ஸ் என்று வேறு மன்றங்களும் உண்டு. பழைய மாணவர் அணிகளும் இருக்கின்றன.

மன்றத்துக்கு எழுதும்போது “வெட்ஸ் (மூத்தோர்) அணி அல்லது சோஷியல் அணி இருக்கிறதா, புதியவரைச் சேர்ப்பீர்களா” என்று கேளுங்கள். வயதையும், எத்தனை வருடம் ஆடவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். 45 வயதில் புதிதாக வருபவரைப் பார்த்து அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆள் சேர்வதில்தான் அவர்களுக்குச் சந்தோஷம்.

படி 5: வாங்க வேண்டியவை

பல்காப்பு கட்டாயம். வெந்நீரில் வைத்துக் கடித்து வடிவம் எடுக்கும் வகை தொடக்கத்துக்குப் போதும். குமிழ் வைத்த காலணி, கனமான கால்சட்டை, இரண்டு ஜோடி காலுறை. தலைக்கவசத் தொப்பியும் தோள்காப்பும் உங்கள் விருப்பம். தொப்பி காதையும் தோலையும் காக்கும், மூளை அதிர்ச்சியைத் தடுக்காது. அதை நம்பித் தலையைக் கொடுக்காதீர்கள். மோதிரம், கயிறு, சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

படி 6: விழவும், விழவைக்கவும் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தப் படிக்கு மட்டும் வாரக்கணக்கில் நேரம் கொடுங்கள். மற்றதெல்லாம் ஆட ஆட வந்துவிடும்.

முதலில், பந்தோடு விழுவது. இரண்டு கையாலும் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். தரையில் முதலில் முட்டி, அடுத்து இடுப்பு, அதற்கடுத்து தோள். இதே வரிசை. கையை ஊன்றவே கூடாது. 40 வயதுக்கு மேல் மணிக்கட்டும் தோள்பட்டை எலும்பும் போவது பெரும்பாலும் கையை ஊன்றுவதால்தான். விழுந்ததும் உடம்பைத் திருப்பிப் பந்தை உங்கள் அணியின் பக்கம் கை நீட்டி வையுங்கள். முதல் சில வாரம் முட்டிபோட்ட நிலையிலிருந்தே பழகுங்கள். அதன்பின் குந்திய நிலை, அப்புறம் நடை. ஓட்டம் கடைசியில்.

அடுத்து, பிடிப்பது. ஓடிவருபவரின் முகத்தையோ பந்தையோ பார்க்காமல் இடுப்பைப் பாருங்கள். முகம் ஏமாற்றும், இடுப்பு ஏமாற்றாது. சின்னச் சின்ன அடியாக எடுத்துவைத்து நெருங்குங்கள். முன்கால் அவர் காலுக்குப் பக்கத்தில் போக வேண்டும். உங்கள் தலை எப்போதும் அவர் உடம்புக்குப் பின்பக்கம், கன்னம் அவர் பின்தொடையை உரசும்படி. அவர் ஓடும் பாதைக்குக் குறுக்கே தலை வந்தால் அவர் முட்டி உங்கள் நெற்றியில் இறங்கும். தோள் அவர் தொடையில் பட்டதும் இரண்டு கையாலும் சுற்றிக் கட்டுங்கள்.

இளைஞர்கள் ஆட்டத்தில் கதை இத்தோடு முடியும். மூத்தோர் ஆட்டத்தில் பாதிதான் முடிந்திருக்கும். கட்டிய கையை விடாமல் அவரோடு சேர்ந்து நீங்களும் இறங்க வேண்டும். தூங்கும் பிள்ளையைத் தோளிலிருந்து படுக்கையில் இறக்குகிற பதம் அது. கவனித்துப் பாருங்கள், அனுபவசாலி ஒருவர் பிடிக்கும்போது அவருடைய ஒரு கை எதிராளியின் சட்டையைக் கொத்தாகப் பற்றியிருக்கும், தரை வரும் வரை அந்தப் பிடி தளராது. விழுகிறவருடைய தலை தரையில் அடிபடாமல் இருப்பது அந்தக் கையால்தான். “அண்ணே, தனியா விழ விடாதீங்க, பிடிச்சுக்கிட்டே கூடவே போங்க” என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். இருவரும் எழுந்ததும் ஒருவர் தோளை ஒருவர் தட்டுவது அதற்கு நன்றி.

உயரப் பிடிக்காதீர்கள். விதி தோளுக்கு மேல் கூடாது என்கிறது. நீங்கள் இடுப்புக்குக் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாடங்களை வீட்டிலிருந்தே தொடங்கலாம். வோர்ல்ட் ரக்பி அமைப்பின் ‘ரக்பி ரெடி’ இணையப் பாடம் இலவசம். அதே அமைப்பின் ‘ஆக்டிவேட்’ என்ற உடல்தயார்ப்படுத்தும் பயிற்சியையும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் செய்யுங்கள்.

படி 7: எந்த இடத்தில் நிற்பது?

ஓடத் தெரிந்தால் ஓரத்தில், விங். பலம் இருந்தால் முன்வரிசை. தெரியாது என்றால் அணித்தலைவரிடம் விடுங்கள். அவர் இரண்டு அனுபவசாலிகளுக்கு நடுவே உங்களை நிறுத்துவார். அதுதான் நல்ல இடம்.

படி 8: விழா நாள்

நம் வெயிலில் தாகம் எடுத்தபின் குடித்தால் தாமதம். முந்தின நாளிலிருந்தே தண்ணீர் குடியுங்கள், ஆட்டங்களுக்கு நடுவே உப்பு சேர்ந்த பானம் எடுங்கள். தலைசுற்றல், வியர்வை நின்றுபோவது, பேச்சு குழறுவது, இதில் எது வந்தாலும் நிழலுக்குப் போய்ச் சொல்லுங்கள். மின்னல் எச்சரிக்கை ஒலித்தால் ஸ்கோர் என்னவாக இருந்தாலும் திடலை விட்டு உடனே வெளியேற வேண்டும். மரத்தடியில் ஒதுங்கக் கூடாது.

திடலுக்கு வந்ததும் இதயத்துக்கு மின்னதிர்வு கொடுக்கும் கருவி எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்த்துவையுங்கள். யாராவது நினைவிழந்து, இயல்பாக மூச்சுவிடாமல் கிடந்தால் ஒருவர் 995ஐ அழைக்கட்டும், இன்னொருவர் கருவியை எடுக்க ஓடட்டும், மூன்றாமவர் நெஞ்சை அழுத்தத் தொடங்கட்டும். யார் எது செய்வது என்று ஆட்டத்துக்கு முன்பே பேசிவைக்கும் அணிகள் எனக்குப் பிடிக்கும்.

தலையில் அடிபட்டவர் “எனக்கு ஒன்றுமில்லை” என்பார். நம்பாதீர்கள். சந்தேகம் வந்தாலே வெளியே, அன்று திரும்பவும் உள்ளே வரக் கூடாது. வாகனம் ஓட்டவும் விடாதீர்கள். யாராவது கூடப் போய் வீட்டில் ஒப்படைத்து, குடும்பத்தாரிடம் விவரம் சொல்லிவிட்டு வர வேண்டும்.

எதிரணியில் ஆள் குறைந்தால் உங்கள் அணித்தலைவர் “தம்பி, நீ அந்தப் பக்கம் போ” என்பார். மறுபேச்சு பேசாமல் போங்கள். சட்டையை மாற்றிக்கொண்டு உங்கள் நண்பர்களுக்கு எதிராகவே ஆடுங்கள். புதியவருக்கு இதைவிடச் சீக்கிரமாக அறிமுகம் கிடைக்கும் வழி இல்லை. மாலைக்குள் இரண்டு அணியிலும் உங்கள் பெயர் தெரிந்திருக்கும்.

படி 9: மூன்றாம் பாதி

ஆட்டம் இரண்டு பாதி. முடிந்தபின் இரு அணியும் சேர்ந்து உட்காருவது மூன்றாம் பாதி. விசில் ஊதியதும் ஒரு அணி இரண்டு வரிசையாக நின்று கைதட்டும், மற்ற அணி நடுவே நடந்து போகும், அப்புறம் மாறி நிற்பார்கள். அதன்பின் உங்கள் இடத்தில் எதிரணியில் ஆடியவரைத் தேடிப் போய்க் கை கொடுங்கள். ஆட்டம் முழுக்க உங்களை அழுத்திக்கொண்டிருந்தவர் அவர்தான், பேச விஷயம் தானாக இருக்கும். தோள்பட்டை எப்படி, எங்கே வேலை, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று ஆரம்பித்தால் போதும்.

மதுவைப் பற்றி நம்மவர்கள் தயங்குவது தெரியும். குடிக்காதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எலுமிச்சைச் சாற்றோடோ தே தாரிக்கோடோ அதே மேசையில் உட்காருங்கள், எழுந்து போகாதீர்கள். சைவம், ஹலால் என்றால் ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெளியூர் அணி வந்திருந்தால் இன்னொன்றும் செய்யலாம். மறுநாள் காலை அவர்களைத் தேக்காவுக்கு அழைத்துப் போய் வாழையிலையில் சாப்பாடு போடுங்கள். கையால் சாப்பிடக் கற்றுக்கொடுங்கள். உங்களைவிட இரண்டு மடங்கு எடையுள்ள முன்வரிசைக்காரர் ரசத்தைக் கையில் ஏந்திக் குடிக்கத் திணறுவதும், பக்கத்து மேசைப் பாட்டி அவருக்கு வழி சொல்வதும் அந்த அணி ஊருக்குப் போய்ச் சொல்லும் கதையாகும்.

வீட்டாரையும் கூட்டி வாருங்கள். வாரக்கடைசி முழுக்கத் திடலிலேயே இருக்கிறீர்கள் என்ற வருத்தம் அவர்களுக்கு இருக்கலாம். உங்களைப் பிடித்து இறக்கியவரும் அவர் மனைவியும் அதே மேசையில் உட்கார்ந்து பேசினால் அந்த வருத்தம் பாதி கரையும்.

படி 10: அடுத்தது வெளியூர்

பாங்காக், பூக்கெட், மணிலா டென்ஸ் போட்டிகளில் மூத்தோர் பிரிவும் நடந்திருக்கிறது. போவதற்கு முன் பயணக் காப்புறுதிப் பத்திரத்தைப் படியுங்கள். மோதல் விளையாட்டில் பட்ட காயத்துக்கு இழப்பீடு இல்லை என்று பல திட்டங்களில் எழுதியிருக்கும். அப்படியிருந்தால் கூடுதல் பாதுகாப்பு கேட்டு வாங்குங்கள். பையில் உங்கள் மன்றத்தின் கூடுதல் சட்டை ஒன்றும் இருக்கட்டும். யாராவது தன் சட்டையைக் கழற்றி நீட்டும்போது பதிலுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். வாங்கிய சட்டையில் அவர் பெயரையும் ஊரையும் உள்பக்கம் எழுதிவைத்துவிடுங்கள். அடுத்த விழாவுக்கு அவர் வருகிறாரா என்று கேட்டுச் செய்தி அனுப்ப அது உதவும்.