கடைவீதி டிபார்ட்மென்டல் ஸ்டோரை நஷ்டம் குறைத்து மூடுவது எப்படி?

கடைவீதியில் பல வருடமாக நடந்துவரும் டிபார்ட்மென்டல் ஸ்டோர்களுக்கு இப்போது இரண்டு பக்கமும் அடி. மாதச் சாமான் பைபாஸ் ஓரத்துப் பெரிய கடைக்குப் போகிறது. அவசரச் சாமான் செல்போன் ஆர்டருக்குப் போகிறது. மிச்சம் நிற்பது பால், தயிர், வீட்டில் திடீரென்று தீர்ந்துபோன கடுகு. இதை வைத்து 1,500 சதுர அடிக்கு வாடகை கட்ட முடியாது.

மூடுவதா வேண்டாமா என்பதை மனசு சொல்லக் கூடாது, கணக்கு சொல்ல வேண்டும். உதாரணத்துக்கு, மாத விற்பனை 12 லட்சம், சராசரி மார்ஜின் 12 சதவீதம் என்றால் கையில் நிற்பது 1,44,000 ரூபாய். வாடகை 45,000, ஐந்து பேர் சம்பளம் 65,000, கரன்ட் 22,000, எக்ஸ்பைரி, டேமேஜ், திருட்டு எல்லாம் சேர்த்து ஒரு சதவீதம் என்று 12,000. கூட்டிப் பாருங்கள், முதலாளிக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. தள்ளுபடி போட்டுச் சமாளிக்கலாம் என்றால், 5 சதவீதம் குறைத்தாலே மார்ஜின் 7 ஆகிவிடும். பழைய லாபத்தை எடுக்க ஏறத்தாழ 1.7 மடங்கு சரக்கு ஓட வேண்டும். கடைவீதியில் அந்தக் கூட்டம் இப்போது இல்லை. பாதிக் கடையைக் கட்டட ஓனர் சம்மதத்தோடு மருந்துக்கடைக்கோ செல்போன் கடைக்கோ விட முடிந்தால் அதை முதலில் பாருங்கள். முடியாவிட்டால் ஆறு மாதம் கையில் வைத்துக்கொண்டு மூடும் வேலையைத் தொடங்குங்கள்.

கொள்முதலை எதில் நிறுத்துவது

பலர் செய்யும் தவறு, மூட முடிவெடுத்ததும் எல்லாக் கொள்முதலையும் ஒரே நாளில் நிறுத்துவது. இரண்டே வாரத்தில் அரிசி, எண்ணெய், பருப்பு ரேக் காலியாகும். வாடிக்கையாளர் அதற்காகத்தான் உள்ளே வருகிறார். அவர் வராவிட்டால் ஷாம்பு, பிளாஸ்டிக் டப்பா, பொம்மை எல்லாம் யாரும் தொடாமல் அப்படியே நிற்கும். ஆகவே தலைகீழாகச் செய்யுங்கள். பொம்மை, ஸ்டேஷனரி, காஸ்மெட்டிக்ஸ், பிளாஸ்டிக் கொள்முதலை முதல் நாளே நிறுத்துங்கள். பால், அரிசி, எண்ணெய், பருப்பைக் கடைசி வாரம்வரை சின்ன அளவில் எடுங்கள்.

பில்லிங் சாஃப்ட்வேரில் 90 நாளாக ஒரு பில்லிலும் வராத ஐட்டங்களைப் பட்டியல் எடுங்கள். பிறகு ரேக்கில் கையால் எண்ணுங்கள். சாஃப்ட்வேரில் 14 என்றால் ரேக்கில் 9 இருக்கும். பின்வரிசையில் எக்ஸ்பைரி தாண்டியதும் இருக்கும்.

யாருக்கு எப்போது சொல்வது

கடை மூடப் போகிறது என்ற செய்தி வெளியே போகும் முன் மூன்று வேலை முடிந்திருக்க வேண்டும்.

முதலாவது ரிட்டர்ன். எக்ஸ்பைரி நெருங்கியது, டேமேஜ், ஓடாதது எல்லாவற்றையும் டிஸ்ட்ரிபியூட்டருக்குத் திருப்பி, அந்தத் தொகைக்குக் கிரெடிட் நோட் (வரவு வைத்த சீட்டு) வாங்குங்கள். விஷயம் தெரிந்த பிறகு சேல்ஸ்மேன் பழைய பாக்கியைத்தான் கேட்பார், ரிட்டர்ன் பேச்சை எடுக்க மாட்டார். இரண்டாவது, கம்பெனி வைத்த குளிர்பான ஃபிரிட்ஜ், ஐஸ்கிரீம் ஃபிரீசர், டிஸ்ப்ளே ஸ்டாண்டு. ஒவ்வொன்றின் சீரியல் நம்பரையும் குறித்து, திருப்பிக் கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். டெபாசிட் கட்டியிருந்தால் அந்த ரசீதையும் தேடி எடுத்து வையுங்கள். மூன்றாவது, கணக்கு நோட்டில் நிற்கும் கடன் பாக்கியை வசூலிப்பது. 'கடையை எடுக்கப் போறாங்களாம்' என்று காதில் விழுந்ததும் பாக்கிக்காரர்கள் அந்தத் தெரு வழியாகவே வர மாட்டார்கள்.

ஊழியர்களிடம் மட்டும் மறைக்க வேண்டாம். தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடையில் ஐந்து வருடம் முடித்தவருக்குக் கிராஜுவிட்டி என்ற பணிக்கொடையும் உண்டு: கடைசி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பிறகு வருடங்களால் பெருக்குங்கள்.

தள்ளுபடி விற்பனை

கடைசி ஆறு வாரம் போதும். முதல் இரண்டு வாரம் 10 சதவீதம், அடுத்த இரண்டு வாரம் 25, கடைசி இரண்டு வாரம் 50. இது ஓடாத சரக்குக்கு மட்டும். அரிசிக்கும் எண்ணெய்க்கும் வழக்கமான விலைதான். எக்ஸ்பைரி தாண்டிய உணவுப் பொருளை இலவசமாகக்கூடக் கொடுக்காதீர்கள். அழித்துவிட்டு, அதற்கு எடுத்த ஜிஎஸ்டி கிரெடிட்டை, அதாவது வாங்கும்போது கொடுத்து விற்பனை வரியில் கழித்துக்கொண்ட வரியை, திருப்பிக் கட்டுங்கள். ரேக்குகளைக் கடைசி நாள்வரை கழற்ற வேண்டாம், காலி ரேக் உள்ள கடையில் யாரும் நின்று வாங்குவதில்லை. ஆனால் ரேக், பில்லிங் டேபிள், தராசு ஆகியவற்றுக்கு முன்கூட்டியே ஆள் பிடித்து வையுங்கள். பிரிட்டனில் வுல்வொர்த்ஸ் என்ற கடைச் சங்கிலி 2009 ஜனவரியில் தன் 807 கடைகளையும் மூடி முடித்தபோது ரேக்கையும் அலமாரியையும்கூட விற்றுத்தான் போனது.

மிஞ்சியதைச் சந்தை வியாபாரிக்கு லாட்டாக, அதாவது மொத்தமாக ஒரே விலைக்குத் தள்ளுங்கள், கட்டாயம் பில் போட்டு. காரணம் வரி. ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்யும் நாளில் கையில் நிற்கும் சரக்குக்கு, நீங்கள் எடுத்த கிரெடிட் அல்லது அதன் மேல் வரும் விற்பனை வரி, இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். ஒரு லட்சத்துக்கு வாங்கிய பிளாஸ்டிக் சாமானுக்கு 18,000 ரூபாய் கிரெடிட் எடுத்திருப்பீர்கள். அதை 30,000க்கு லாட்டாக விற்றால் வரி 5,400. விற்காமல் வைத்து மூடினால் 18,000. 2025 செப்டம்பர் 22க்கு முன் 18 சதவீதத்தில் வாங்கிய ஷாம்பு இன்னும் ரேக்கில் இருந்தால் அதிலும் இதே சிக்கல்தான்: இன்று விற்றால் 5 சதவீதம், விற்காமல் மூடினால் பழைய 18 சதவீதக் கிரெடிட் முழுவதும் திரும்பப் போகும். மனைவி பெயரில் சும்மா பில் போட்டு வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். குடும்பத்தாருக்குப் போடும் குறைந்த விலையை அதிகாரி அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

வியாபாரம் நின்ற 30 நாளுக்குள் ரெக்-16 படிவத்தில் ரத்துக்கு விண்ணப்பியுங்கள். ரத்து ஆன பிறகு மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற கடைசி வரிக் கணக்கு ரிட்டர்னைத் தாக்கல் செய்ய வேண்டும். நிறையப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள். தாமதத்துக்கு நாளுக்கு 200 ரூபாய், அதிகபட்சம் 10,000. விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருந்தவர்களுக்கு இந்த ரிட்டர்ன் கிடையாது. உணவு லைசென்ஸை அதற்கான அரசு இணையதளமான ஃபாஸ்காஸில் சரண்டர் செய்யுங்கள். ஸ்வைப் மெஷினைத் திருப்பாவிட்டால் மாத வாடகை வங்கிக் கணக்கில் பிடித்துக்கொண்டே இருக்கும்.

வாடகை ஒப்பந்தத்தில் கடைசி வியாபார நாளுக்குப் பிறகும் ஒரு மாதம் மிச்சம் இருக்கட்டும். ரேக் கழற்றி, சுவர் பூசி, சாவி கொடுத்தால்தான் ஓனர் அட்வான்ஸைப் பிடித்தமில்லாமல் தருவார். கிரெடிட் நோட் பணம், அட்வான்ஸ், டெபாசிட் எல்லாம் வந்து சேரும்வரை கரன்ட் அக்கவுன்டை மூட வேண்டாம். கணக்குப் புத்தகங்களை, அந்த வருட ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பில்லிங் கம்ப்யூட்டரை விற்கும் முன் டேட்டாவை இரண்டு பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள்.