வீட்டு லொக்கேஷன் கடைசியில்தான்

ஊருக்குப் போகிறவர்களின் நாய்களைக் காசு வாங்கிப் பார்த்துக்கொள்வது என் வேலை. சொந்த விவரங்களைக் கண்டவர்களுக்கும் கொடுக்காமல் இதைச் செய்வது எப்படி என்று, இதே வேலை செய்பவர்களுக்குச் சொல்கிறேன். நான்கு வருடம் முன்பு, போகிக்கு முந்தின நாள். காலை ஆறு மணிக்கு கேட் தட்டும் சத்தம். வெளியே ஒரு லாப்ரடார், ஒரு பை தீனி, கூடவே அதன் சொந்தக்காரர். "ஊருக்குக் கிளம்பிட்டோம்மா, ரெண்டு நாள்தானே, பார்த்துக்கங்க" என்றார். அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் அந்த நாயை வைத்திருந்தேன். தப்பு என் மேல்தான். முதல் போனிலேயே லொக்கேஷனை அனுப்பியிருந்தேன். நாய் என்ன பண்ணும் பாவம், உள்ளே விட்டேன்.

அந்தப் பொங்கல் முடிந்ததும் செய்த முதல் காரியம், வேலைக்குத் தனி சிம். அதில் வாட்ஸ்ஆப் பிசினஸ். என் வாட்ஸ்ஆப்பும் அதுவும் ஒரே போனில் ஓடுகின்றன. பிசினஸில் டிபி என் முகம் இல்லை, எங்கள் வீட்டுக் கிழவி பப்பியின் முகம். முகவரி இருக்க வேண்டிய இடத்தில் 'வேளச்சேரி' என்று மட்டும். ஏற்கெனவே சொந்த நம்பரைக் கொடுத்துவிட்டவர்கள், பிரைவசியில் போய் டிபி, ஸ்டேட்டஸ் இரண்டையும் யார் பார்க்கலாம் என்று மாற்றுங்கள். என் மகளின் பிறந்தநாள் ஸ்டேட்டஸுக்கு, நாய் விஷயமாக நான் நம்பரைச் சேமித்து வைத்திருந்த யாரோ ஒருவர் ஹார்ட் போட்டபோதுதான் எனக்கு அது உறைத்தது.

ஆனால் பலரும் கோட்டை விடுவது பணம் வாங்கும் இடத்தில். தனி சிம் வாங்கி ஆறு மாதம் கழித்துத்தான் கவனித்தேன்: நான் கொடுத்துக்கொண்டிருந்த யுபிஐ ஐடியிலேயே என் பழைய நம்பர் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது! ஆப்பில் நம்பர் இல்லாத வேறு ஐடி உருவாக்கி, அதற்கான க்யூஆரை மட்டும் அனுப்புங்கள். வங்கியில் உள்ள பெயர் தெரியத்தான் செய்யும், அதை மறைக்க முடியாது.

"மிலிட்டரியில் இருக்கேன், அட்வான்ஸ் அனுப்ப இந்தக் க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க" என்று ஒருவர் வருவார். நாயின் பெயரைக் கேட்டால் தடுமாறுவார். பணம் வாங்க நாம் க்யூஆரை ஸ்கேன் பண்ணவோ யுபிஐ பின் நம்பர் போடவோ வேண்டியதே இல்லை. பிளாக் செய்துவிடுங்கள். பணம் போயே விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

ஆதார் கேட்பவர்களும் உண்டு. தங்கள் வீட்டுக்கே வந்து நாயைப் பார்க்கச் சொல்லிச் சாவியைக் கொடுப்பவர் கேட்பது நியாயம்தான். கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரை, ஆதார் வழங்கும் யுஐடிஏஐ தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அதிலும் முகவரி இருக்கும், விரலால் மறைத்து நேரில் காட்டுகிறேன். படம் அனுப்புவதில்லை.

முதல் சந்திப்பு எங்கள் தெருமுனை டீக்கடை வாசலில். நாய் என்னிடம் வருகிறதா, ரேபிஸ் ஊசி போட்ட அட்டை இருக்கிறதா, எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். அட்டையில் அவர்கள் முகவரியும் நம்பரும் இருக்கும். அதைப் போட்டோ எடுத்து வைத்தால், வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். சரிப்பட்டு வந்தால், நாயை விட வரும் நாள் காலையில்தான் கதவு எண்.

அப்புறம், நாய் இங்கே இருக்கும் நாட்களில் தினமும் அனுப்பும் போட்டோ. நாய்க்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று பாருங்கள். ஒரு தடவை மகளின் யூனிஃபார்ம், பள்ளி பேட்ஜோடு கொடியில் தொங்கியது. இப்போது வெறும் சுவர் முன்னால்தான் எடுக்கிறேன்.

நாய் எதுவும் என்னிடம் இல்லாவிட்டால் இரவு ஒன்பதுக்கு வேலை சிம்மை அணைத்துவிடுவேன். இருந்தால் மாட்டேன். கழுத்துப்பட்டையில் மார்க்கரால் எழுதியிருப்பது அந்த நம்பர்தான்.