மேசைத்தறி வாங்கும் முன்: முதலில் துணி, அப்புறம் தறி

வாடகை வீட்டு மாடியில், தரையில் குழி வெட்டி அமைக்கும் குழித்தறி போடப்போகிறேன் என்று சொன்னால் வீட்டுக்காரர் அன்றைக்கே சாவியைத் திருப்பிக் கேட்பார். மதுரைப் பக்கம் செல்லூரிலும் நிலையூர் கைத்தறி நகரிலும் நெசவைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களில் பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்கு ஏற்றது மேசைத்தறி. காலால் மிதிக்கும் வேலை இல்லை. எல்லாமே கைதான். நெய்து முடித்ததும் எடுத்து ஓரமாக வைத்துவிடலாம்.

நாலைந்து சொற்கள் தெரிந்தால் போதும். நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே போவது ஊடை. ஊடையைச் சுமந்து போவது நாடா. பாவு இழைகளைத் தூக்குவது விழுது, விழுதுகளைத் தாங்குவது சட்டம். இழைகளைச் சீராகப் பிரித்து ஊடையை அடித்து நெருக்குவது அச்சு.

படி 1: என்ன நெய்யப் போகிறீர்கள்?

தறியின் அகலத்தைவிட அகலமான துணியைச் சாதாரணமாக நெய்ய முடியாது. 48 அங்குலச் சேலை, வேட்டி எல்லாம் மேசைத்தறியின் கணக்கில் வராது. துண்டு, மேசை விரிப்பு, தோள்பை, கழுத்துத் துணி, இவைதான் அதன் எல்லை. நெய்யும்போது ஓரங்கள் கொஞ்சம் உள்ளே இழுக்கும், துவைத்தால் இன்னும் சுருங்கும். 20 அங்குலத் துண்டு வேண்டுமென்றால் 24 அங்குலத் தறி பாருங்கள். 16 அங்குலத் தறி பைக்கும் கழுத்துத் துணிக்கும் சரி.

மதுரைக்காரர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று: இதில் சுங்குடி வருமா? வராது. சுங்குடிப் புள்ளிகள் தறியில் விழுவதில்லை. நெய்த துணியை முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி எடுப்பதால் வருகிறவை அவை. உங்கள் தறியில் வெள்ளைத் துணி நெய்து முடிச்சுப் போட்டுப் பார்க்கலாம், அது தனி வேலை.

படி 2: எத்தனை சட்டம்?

மிக எளிமையானது ரிஜிட் ஹெடில் தறி. ஒரே சட்டம், அதிலேயே துளையும் இடைவெளியும் மாறி மாறி இருக்கும். மேலே தூக்கினால் பாதி இழைகள் ஒரு பக்கம், கீழே இறக்கினால் மறு பக்கம். அதுவே அச்சு வேலையையும் செய்யும். ஒன்று விட்டு ஒன்று மேலும் கீழுமாகப் போகும் சாதா நெசவுக்கு இது தாராளம். சின்ன அளவு இரண்டு மூன்று கிலோதான் இருக்கும், மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும்போதுகூடக் கையில் பிடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது நான்கு விழுதுச் சட்டமுள்ள தறி. முன்னாலோ பக்கத்திலோ இருக்கும் நெம்புகோலைத் தள்ளினால் அதற்குரிய சட்டம் மேலே எழும். சாய்கோடு விழும் ட்வில், மீன்முள் கோடு, கட்டங்கள் என்று வகை வகையாக நெய்யலாம். ஆனால் எடை கூடும், 24 அங்குலத்தில் பத்து கிலோவைத் தாண்டுவது சாதாரணம். ஒவ்வொரு வரிசைக்கும் நாடாவைக் கீழே வைத்து நெம்புகோலை மாற்ற வேண்டியிருப்பதால் வேகமும் குறைவு. இதை வைத்துப் பிழைப்பு நடத்தலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எட்டுச் சட்டம் முதல் தறிக்குத் தேவையில்லை. நான்கிலேயே வருடக்கணக்கில் நெய்ய விஷயம் இருக்கிறது. வெளிநாட்டுத் தறிகளில் நியூசிலாந்தின் ஆஷ்ஃபோர்ட், நெதர்லாந்தின் லூயட் ஆகிய பெயர்களை அடிக்கடி பார்ப்பீர்கள். ஆஷ்ஃபோர்டின் சில மாடல்களைப் பாவு ஏற்றியபடியே மடித்து வைக்க முடியும். வாங்குவதானால் தறியின் விலையோடு அனுப்பும் செலவையும் சுங்க வரியையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 3: மேசை

தறியைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு ஆடுகிற பிளாஸ்டிக் மேசையில் வைப்பவர்கள் உண்டு. அச்சை அடிக்கும் ஒவ்வொரு முறையும் மேசை நகர்ந்தால் துணி சீராக அமையாது. கனமான மர மேசை, அடியில் ரப்பர் விரிப்பு. கிரானைட் மேடை வழுக்கும்.

படி 4: தொட்டுப் பாருங்கள்

இதில் நேரம் செலவழியுங்கள். ஒரு நூலை எடுத்து முன் இடது மூலையிலிருந்து பின் வலது மூலைவரை பிடித்து அளவெடுங்கள். அதே நூலை மற்ற இரண்டு மூலைகளுக்கும் குறுக்கே பிடியுங்கள். நூல் மிஞ்சினாலோ போதாவிட்டாலோ தறியின் சட்டகம் கோணிப்போயிருக்கிறது. அந்தத் தறியில் ஒரு பக்கப் பாவு இறுகி, மறுபக்கம் தொய்யும்.

அடுத்து, பாவு சுற்றும் உருளையின் பல்சக்கரம். உருளையைச் சுற்றிப் பூட்டிவிட்டு, அதில் கட்டியிருக்கும் கயிற்றைப் பலமாக இழுங்கள். பல் ஒன்று நழுவினாலும் வேண்டாம். இறுக்கம் நிற்காத தறியில் எவ்வளவு கவனமாக நெய்தாலும் துணி அலை அலையாகத்தான் வரும்.

பிறகு நெம்புகோல்கள். ஒவ்வொன்றாகத் தள்ளி, சட்டம் கிடையாக எழுகிறதா, விட்டதும் தானாக முழுசாக இறங்குகிறதா என்று பாருங்கள். பாதியில் தொங்கும் சட்டம்தான் பின்னால் துணியில் விடுபட்ட இழையாகத் தெரியும். சட்டம் எழும்போது பாவுக்கிடையே திறக்கும் இடைவெளியில் நாடா எங்கும் தட்டாமல் போக வேண்டும். முன் கட்டைக்கும் பின் கட்டைக்கும் தூரம் ரொம்பக் குறைவான தறிகளில் இது இடிக்கும். கச்சிதமாக இருக்கிறதே என்று மயங்கிவிடாதீர்கள்.

பழைய தறி என்றால் அச்சின் பற்களை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் வரும் துருக்கறை நாளைக்கு உங்கள் துண்டிலும் வரும். மரத்தில் செல் அரித்த தடம் இருந்தால் பேரம் பேசாமலேயே வந்துவிடலாம். தச்சரிடம் செய்யச் சொல்வதானால் ரிஜிட் ஹெடில் தறியின் சட்டகம் செய்து வாங்கலாம், நன்றாகக் காய்ந்த தேக்காக இருக்கட்டும். நான்கு சட்டத் தறியை, மாதிரித் தறி ஒன்று கண்ணெதிரே இல்லாமல் செய்யச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

படி 5: அச்சு எண்ணில் கவனம்

நம் ஊர் நெசவில் வழக்கமாகப் புழங்கும் ஸ்டாக்போர்ட் கணக்கில் அச்சு எண் என்பது 2 அங்குலத்துக்கு எத்தனை பல் என்பது. வெளிநாட்டுத் தறிகள் பலவற்றில் எழுதியிருப்பது 1 அங்குலத்துக்கு. அங்கே 20 என்பது இங்கே 40. மாற்று அச்சு வாங்கும்போது எண்ணை மட்டும் சொல்லாமல், பழைய அச்சையே கையில் கொண்டுபோங்கள். உயரமும் பொருந்த வேண்டுமே.

படி 6: நூலும் முதல் பாவும்

நூல் எண் கூடக்கூட நூல் மெலியும். 2/20 என்றால் 20-ஆம் எண் இழைகள் இரண்டு சேர்த்து முறுக்கியது. ஒற்றை இழையைக் கஞ்சி போடாமல் பாவாக ஏற்றினால் அறுந்துகொண்டே இருக்கும், ஆகவே முறுக்கிய தடித்த நூலில் தொடங்குங்கள். குழித்தறியில் பாவு தரையை ஒட்டி இருப்பதால் மண்ணின் ஈரப்பதம் அதற்குக் கிடைக்கும், ஈரத்தில் பருத்திக்குப் பலம் கூடும். மாடியில் சித்திரை வெயிலில் ஃபேனுக்கு அடியில் வைத்த தறிக்கு அந்த வசதி இல்லை. ஃபேனைத் திருப்பிவிட்டு, தறிக்கு அடியில் ஈரத்துணி ஒன்றை விரித்து வையுங்கள்.

எவ்வளவு நெருக்கமாகப் பாவு போடுவது? ஸ்கேலில் ஒரு அங்குலத்துக்கு நூலைப் பக்கத்தில் பக்கத்தில் சுற்றி எண்ணுங்கள். 40 சுற்று வந்தால் சாதா நெசவுக்கு அதில் பாதி, அங்குலத்துக்கு 20 இழை. 20 அங்குல அகலத்துக்கு 400 இழை.

நீளத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 30 அங்குலத் துண்டுக்குச் சுருக்கமும் சேர்த்து 36 அங்குலப் பாவு வேண்டும். அதோடு தறியில் கட்டவும் கடைசியில் நெய்ய முடியாமல் மிஞ்சவும் ஏறக்குறைய 24 அங்குலம் போகும். ஒரு துண்டு நெய்தாலும் அதே 24, நாலு நெய்தாலும் அதே 24. அதனால் குறைந்தது இரண்டு துண்டுக்குச் சேர்த்து 96 அங்குலப் பாவு போடுங்கள். 400 இழைக்கு இது சுமார் 1,070 கஜம். ஒரு சிட்டம் (நூல் கட்டு) 840 கஜம் என்பதால், பாவுக்கு மட்டும் இரண்டு சிட்டம். ஊடைக்குத் தனி.

முதல் பாவுக்கு வெள்ளையும் ஊடைக்குக் கருநீலமும் எடுங்கள். எந்த இழை விழுதில் மாறிக் கோத்திருக்கிறது என்பது இரண்டு அங்குலம் நெய்வதற்குள் தெரிந்துவிடும், அப்போதே பிரித்துச் சரிசெய்வது சுலபம்.