கிரைம் கதையில் 302 எப்போது, 103 எப்போது?
2024 ஜூலை 1 முதல் இந்தியக் குற்றவியல் சட்டங்கள் மாறிவிட்டன. இன்றைய சென்னையில் நடக்கும் வெப் சீரிஸில் இன்ஸ்பெக்டர் கொலை வழக்குக்கு ‘302 போடு’ என்றால் காட்சியின் நம்பகம் அங்கேயே போய்விடும்.

முதலில் கொலை நடந்த தேதியை முடிவு செய்யுங்கள். ஜூலை 1-க்கு முந்தையது என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302. அன்றோ அதற்குப் பிறகோ என்றால் பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா) 103(1). ஃப்ளாஷ்பேக் கதைகள் சறுக்குவது இங்கேதான்: 2019-இல் நடந்த கொலைக்கு இன்று எஃப்.ஐ.ஆர். பதிந்தால் குற்றப்பிரிவு பழையது, விசாரணை நடைமுறை புதியது. மோசடிக்கான 420 இப்போது பி.என்.எஸ். 318(4). சந்தேக மரணத்துக்குப் போடும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174, பி.என்.எஸ்.எஸ். (புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 194 ஆகிவிட்டது.

சோதனைக் காட்சியில் பீரோவைத் திறந்து கத்தியை எடுத்தால் மட்டும் போதாது. பி.என்.எஸ்.எஸ். 105-இன்படி சோதனை, பறிமுதல், பட்டியல் தயாரிப்பு, சாட்சிகளின் கையெழுத்து எல்லாவற்றையும் வீடியோ எடுக்க வேண்டும்; செல்போனே போதும். பதிவு தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். வீடியோ நடுவில் துண்டாகியிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் அதைத்தான் பிடிப்பார். அருமையான திருப்பம் அது, விட்டுவிடாதீர்கள்.

ஸ்டேஷனில் வாங்கிய ஒப்புதல் வாக்குமூலத்தோடு வழக்கை முடிக்காதீர்கள். போலீஸிடம் சொன்னது கோர்ட்டில் நிற்காது; அதனால் ஒரு பொருள் கிடைத்தால், அந்தப் பொருளைப் பற்றிய பகுதி மட்டும் நிற்கும். கிணற்றிலிருந்து கத்தியை எடுக்கும் காட்சி அதற்காகவே வேண்டும்.