நேரில் போகாமல் புலம்பெயர்ந்தோர் கதையைப் பதிவு செய்வது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டங்களிலும் புனலூர் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் எப்படி அங்கே வந்து சேர்ந்தன என்பதைக் குரல், படம், காணொளி, வரைபடம் எல்லாம் சேர்த்துத் தொகுப்பது பாலக்காட்டிலோ தேனியிலோ படிக்கும் மாணவர் குழுவுக்கு நல்ல வேலை. ஆனால் நேரில் போக முடியாத நிலை அடிக்கடி வரும். மழையில் மலைப்பாதை சரியும், தேர்வு குறுக்கே வரும், தோட்டத்துக்குள் நுழைய அனுமதி இழுத்தடிக்கும். 2020 ஊரடங்கில் வாளையாறு, குமுளி, போடிமெட்டு என்று எல்லை வழிகள் எல்லாமே முடங்கின.

"சரி, ஜூம்ல பேசிக்கலாம்" என்று முடிவு செய்யும் இடத்திலேயே முதல் தவறு நடந்துவிடுகிறது. நேரில் போனால் மைக், வெளிச்சம், சத்தம், பேட்டரி எல்லாம் குழுவின் பொறுப்பு. போகாவிட்டால் அந்த வேலை மறைந்துவிடாது. நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வீடு திரும்பும் பெண்ணின் தலையில் போய் ஏறும். கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இதைக் கணக்கில் எடுக்காததால் வருபவை.

எல்லாரையும் ஒரே கணக்கில் சேர்ப்பது

வீட்டில் உட்கார்ந்து திட்டம் போடும்போது இது இன்னும் எளிதாக நடக்கும். மூணாறு, தேவிகுளம் பகுதித் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரின் முன்னோர் கங்காணிகள் (தோட்டத்துக்கு ஆள் சேர்த்தவர்கள்) வழியே தென் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து மலையேறியவர்கள். 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது, திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த தேவிகுளமும் பீர்மேடும் புதிய கேரளத்தில் சேர்ந்தன; இவர்கள் இடம் மாறவில்லை. புனலூர் அருகே குளத்தூப்புழை, ஆயிரநல்லூர் ரப்பர்த் தோட்டங்களிலும் பத்தனம்திட்டா மாவட்டம் கவி ஏலத்தோட்டத்திலும் இருப்பவர்கள் வேறு. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து இந்தியக் குடிமக்களாக வந்து இறங்கிய குடும்பங்கள் அவை. அந்த ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்ற எண்ணிக்கை 5,25,000. அப்போது முடிவு செய்யாமல் விட்ட 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன.

1983-க்குப் பிறகு இலங்கைப் போரால் வந்து தமிழ்நாட்டு முகாம்களில் தங்கியவர்கள் மூன்றாவது வகை. கம்பம், போடியிலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போய் மாலையில் திரும்பும் பெண்கள் நான்காவது வகை. பெரும்பாவூரில் வேலை செய்யும் வங்காள, அசாம், ஒடிசாத் தொழிலாளர்களின் கதை தனி. இந்த எல்லாருக்கும் 'அகதி' என்று ஒரே தலைப்பைப் போட்டால், கவியில் இருக்கும் ஐயா முதல் நிமிடத்திலேயே போனை வைத்துவிடுவார். வைப்பது நியாயமும்கூட.

நேரத்தை உங்கள் வகுப்பு அட்டவணையில் பார்ப்பது

ரப்பர் பால் வெட்டு விடியலில் தொடங்கும். வெட்டுபவருக்கு மதியத்துக்கு மேல்தான் ஓய்வு. தேயிலைப் பறிப்புக்குப் போகிறவருக்கு மாலையோ ஞாயிற்றுக்கிழமையோதான் ஒழியும், அதிலும் சமையல் வேலை இருக்கும். இரண்டு பேருக்கும் "காலை 11 மணிக்கு மீட்டிங் லிங்க்" அனுப்புவது பயனற்றது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மலையில் மழைக்காலம். தகரக் கூரைமேல் மழை விழும்போது எடுத்த குரலை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. மழை ஓயும் இடைவெளிக்குக் காத்திருங்கள், அல்லது ஓட்டுக்கூரையோ கான்கிரீட் கூரையோ உள்ள வேறு வீட்டில் உட்காரச் சொல்லுங்கள்.

ஒரே போனில் பேச்சும் பதிவும்

மிக அதிகமாக நடப்பதும் மிக அதிகமாக இழப்பைத் தருவதும் இந்தத் தவறுதான். "பாட்டி போன்ல வாட்ஸ்ஆப் கால் போடுவோம், அதே போன்ல வாய்ஸ் ரெக்கார்டரையும் ஆன் பண்ணிடச் சொல்வோம்" என்று திட்டமிடுவார்கள். இன்றைய ஆண்ட்ராய்டு போன்களில் அழைப்பு ஓடும்போது மைக் அழைப்புக்குத்தான் கிடைக்கும். ரெக்கார்டர் ஓடுவதுபோலவே காட்டும், நிமிடக் கணக்கும் ஏறும். பிறகு திறந்து கேட்டால் வெறும் மௌனம். ஐபோனிலும் இதே தொல்லைதான்.

இரண்டு போன் வேண்டும். ஒன்று பேச, ஒன்று பதிய. பதியும் போனுக்குச் சிம்கூடத் தேவையில்லை. அலமாரியில் கிடக்கும் பழைய போன் போதும், ஃபிளைட் மோடில் போட்டுவிட வேண்டும். அந்த வீட்டில் பத்தாவதோ கல்லூரியோ படிக்கும் ஒரு பிள்ளை இருந்தால் அவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் படம் போட்டு அரைப் பக்கக் குறிப்பு அனுப்பினால் போதும். கூடவே தொகுப்பில் அவர் பெயர் வரும் என்று சொல்லுங்கள், டேட்டா ரீசார்ஜையும் குழு கட்டட்டும்.

அந்தக் குறிப்பில் இருக்க வேண்டியவை இவை: பதியும் போனை மடித்த துண்டின்மேல் வையுங்கள், மேசையில் தட்டும் சத்தம் ஏறாது. வாயிலிருந்து ஒரு சாண் தூரம், போனின் அடிப்பக்கம் பேசுபவரைப் பார்த்து. பெரும்பாலான போன்களில் மைக் அங்கேதான் இருக்கும், கவர் மூடியிருந்தால் கழற்றிவிடுங்கள். காற்றாடி, டிவி, குக்கர் மூன்றும் நிற்கட்டும். பாயும் போர்வையும் துணிக்கொடியும் உள்ள அறை, வெறும் சுவருள்ள கூடத்தைவிட நல்லது. முதலில் ஒரு நிமிடம் பேசிப் பதிந்து, கேட்டுப் பார்த்து, பிறகு தொடங்குங்கள். முடிந்ததும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த அறையின் சத்தத்தை மட்டும் பதியுங்கள். வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை நிரப்ப அது இல்லாமல் முடியாது. தொடங்கும்போது ஒரு கைதட்டல், இரண்டு பக்கப் பதிவையும் பின்னால் பொருத்துவதற்கு.

பேசும் போனில் இயர்போன் போட்டால் உங்கள் குரல் பதிவில் கலக்காது. பெரியவர்கள் பலர் காதில் எதையும் செருக விரும்ப மாட்டார்கள், வற்புறுத்தாதீர்கள். ஸ்பீக்கரைக் குறைத்து வைத்துவிட்டு, நீங்கள் கேள்வி கேட்டபின் வாயை மூடிக்கொள்ளுங்கள். "ம்… ம்… சரிங்க" என்று கொட்டும் உம் எல்லாம் கதைமேல் படியும். வீடியோ அழைப்பென்றால் தலையாட்டுங்கள். இணைப்பில் அரை நொடி தாமதம் எப்போதும் இருக்கும், பதில் முடிந்ததுபோல் தோன்றினால் மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். நல்ல வாக்கியங்கள் பல அந்த மூன்று எண்ணிக்கைக்குள்தான் வரும்.

மென்பொருளின் சுத்தத்தை நம்புவது

ஜூமில் ஒவ்வொருவர் குரலையும் தனிக் கோப்பாகச் சேமிக்கும் வசதி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் தரம் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அந்தக் கோப்பு உங்கள் கணினிக்கு இணையம் வழியே வந்து சேர்ந்த குரல்தான். இடையில் விழுந்த எழுத்துகள் விழுந்தவையே. பழைய வகைத் தொலைபேசி அழைப்பு இன்னும் மோசம், ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தும். இன்னொன்று, இரைச்சல் நீக்கும் வசதி பாட்டையும் இரைச்சலாக எடுத்துக்கொள்ளும். தாலாட்டும் ஒப்பாரியும் நீளும் இடத்தில் குரல் துண்டு துண்டாகத் தேயும். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற தேர்வை இயக்குங்கள். முடிந்தவரை இரண்டாவது போன் பதிவையே மூலமாகக் கொள்ளுங்கள், ஜூம் பதிவு காவலுக்கு மட்டும்.

கோப்பு வகையிலும் அளவறிந்து நடக்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தட வேவ் (சுருக்காத ஒலி) கோப்பு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 345 எம்.பி. ஆகும். அதே ஒரு மணி நேரம் 128 கிலோபிட் எம்4ஏ-வில் (சுருக்கிய ஒலி) 58 எம்.பி.க்குள் அடங்கும். மலைமேல் இணைப்பு விட்டுவிட்டு வரும் இடத்தில் வேவ் கேட்பது வீம்பு. 20 நிமிடத்துக்கு ஒரு கோப்பாக நிறுத்தி நிறுத்திப் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள், ஒன்று கெட்டாலும் மற்றவை பிழைக்கும். அதுவும் நடக்காத இடத்தில் மெமரி கார்டை ஜீப்பிலோ பஸ்ஸிலோ கொடுத்துவிடுவது கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. நீங்கள் நகலெடுத்துத் திறந்து கேட்டு "வந்துடுச்சு" என்று சொல்லும்வரை அவர்கள் போனிலிருந்து அழிக்கக் கூடாது.

படங்கள்: தரம் காக்கப் போய் முகவரி கசிவது

வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், அதனால் 'டாக்குமென்ட்'டாக அனுப்பச் சொல்கிறோம். சரியான அறிவுரைதான். ஆனால் டாக்குமென்டாக வரும் கோப்பில் படம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் கூடவே வந்துவிடலாம். பெயரை மாற்றிவிட்டு, முகத்தை மறைத்துவிட்டு, மூலக் கோப்பை அப்படியே தளத்தில் ஏற்றினால் எந்த லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) என்று யாரும் கண்டுபிடித்துவிடலாம். கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை முதலிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். வெளியிடும் முன் கோப்புக்குள் ஒளிந்திருக்கும் இந்த விவரங்களை (எக்ஸிஃப் தகவல்) நீக்குங்கள்.

பழைய புகைப்படங்களைக் கூரியரில் வாங்காதீர்கள். ஜன்னல் பக்கத்து வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், போனைப் படத்துக்கு நேர் இணையாகப் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். பின்பக்கத்தையும் எடுக்கச் சொல்ல மறக்காதீர்கள். ஸ்டுடியோ முத்திரையும் மையில் எழுதிய தேதியும் அங்கேதான் இருக்கும். பாஸ்போர்ட், குடும்ப அட்டை போன்றவற்றில் எண்களை மறைத்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

கூகுள் படிவத்தில் சம்மதம்

இணைப்பைத் தட்டி 'ஒப்புக்கொள்கிறேன்' என்று பேரனை அழுத்தச் சொல்வது சம்மதம் ஆகாது. வாயால் சொல்லி, வாயால் வாங்கி, அதையும் பதிய வேண்டும். குரல், முகம், பெயர், இணையத்தில் வெளியீடு நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். இப்படிப் பேசலாம்: "அம்மா, நீங்க சொல்றதை ரெக்கார்டு பண்றோம். இது கம்ப்யூட்டர்லயும் போன்லயும் யார் வேணா கேக்கற மாதிரி போடுவோம். உங்க பேரைப் போடலாமா, வேற பேர் வைக்கட்டுமா? முகம் தெரியலாமா? இப்ப சரின்னு சொல்லிட்டு, நாளைக்கு வேண்டாம்னு தோணினா எங்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்க, எடுத்துடுவோம். இன்னைக்குப் பக்கத்துல யார் யார் இருக்காங்க?"

கடைசிக் கேள்வி மிக முக்கியம். நேரில் போனால் அறையில் யார் இருக்கிறார்கள் என்று கண்ணுக்குத் தெரியும். போனில் தெரியாது. மகனோ சூப்பர்வைசரோ கட்டிலில் உட்கார்ந்திருந்தால் பதில் வேறு மாதிரி வரும். லயத்து வீடு நிர்வாகத்துடையது, வேலை இருக்கும்வரைதான் அதில் இருக்க முடியும். 2015 செப்டம்பரில் மூணாறு பெண் தொழிலாளர்கள் நடத்திய போராட்டத்தைப் பற்றிப் பேசும் ஒருவர் தன் வீட்டையும் பணயம் வைத்துத்தான் பேசுகிறார். பெயரை மட்டும் மாற்றிவிட்டு தோட்டத்தின் டிவிஷன் (பிரிவு) பெயரையும் லயத்தின் எண்ணையும் விட்டுவைத்தால் மறைத்ததாகாது.

துயரத்தைத் தொடும் கேள்விகளில் இன்னும் கவனம் வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடி நிலச்சரிவில் 70 பேரைப் பறிகொடுத்த குடும்பங்களும் உறவுகளும் அந்த மலையில் இருக்கிறார்கள். அழுகிற ஒருவர் முன்னால் ஒரு தம்ளர் தண்ணீரை நீட்ட உங்களால் முடியாது, இணைப்பு அறுந்துவிட்டால் அவர் தனியாக இருப்பார். முதல் அழைப்பைப் பதிவே இல்லாமல் வெறுமனே பேசிப் பழகுவதற்கு ஒதுக்குங்கள். பதிவு 40 நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். மறுநாள் ஒரு போன் போட்டு எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள். "உங்க கஷ்டத்தைச் சொல்லுங்க" என்று ஆரம்பிக்காமல், வந்த நாளில் கையில் என்ன கொண்டுவந்தீர்கள், இலங்கையிலிருந்து வந்தவர்களானால் முதலில் தங்கிய மண்டபம் முகாமில் என்ன சாப்பாடு என்று கேட்டால் கதை தானாக வரும்.

தொகுப்பில் வரும் சில்லறைத் தொல்லைகள்

போனில் எடுத்த காணொளியின் ஃபிரேம் வேகம் நிலையாக இருக்காது, பத்து நிமிடத்தில் உதடும் குரலும் விலகத் தொடங்கும். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் நிலையான 25 ஃபிரேமுக்கு மாற்றிவிட்டுத்தான் எடிட்டிங்கில் இறக்க வேண்டும். கூகுளின் இலவச 15 ஜி.பி. மின்னஞ்சலுக்கும் சேர்த்துத்தான், காணொளியைப் போட்டால் ஒரே வாரத்தில் நிரம்பும். ஆகவே மூலக் கோப்புகள் இரண்டு ஹார்டு டிஸ்கில், இரண்டு வேறு வீடுகளில் இருக்கட்டும். டிரைவில் சிறிதாக்கிய நகல் மட்டும் போதும்.

ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். தமிழும் மலையாளமும் கலந்த பேச்சைத் தானியங்கி எழுத்தாக்கம் குதறிவிடும், அதைத் திருத்துவதைவிடக் கேட்டு எழுதுவது விரைவு. எழுதும்போது அவர்கள் பேச்சைப் புத்தகத் தமிழாக மாற்றாதீர்கள். வசன வரிகளுக்கு யூனிகோட் மட்டுமே. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது பாதி கணினிகளில் குப்பையாகத் தெரியும். பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தால், கிராஃபிக்ஸ் அமைப்பில் தெற்காசிய எழுத்துக்கான தேர்வை இயக்க வேண்டும்.

முடிந்த தொகுப்பின் இணைப்பை மட்டும் அனுப்பிவிட்டு ஒதுங்குவதும் தவறு. பெரிய திரைக்கு வடிவமைத்த ஊடாடும் வரைபடம் ஐந்தங்குலப் போனில் திறக்கவே திறக்காது. வெளியீட்டுக்கு முன் அவரவர் பகுதியைச் சிறிய காணொளியாக வெட்டி அனுப்பி, எதை எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். வெட்டாத முழுப் பதிவையும் எடுத்த படங்களையும் ஒரு மெமரி கார்டில் போட்டு அந்த வீட்டுக்கே அனுப்பிவிடுங்கள். எம்4ஏ-வாக இருந்தால் 8 ஜி.பி. கார்டில் மூன்று தலைமுறையின் பேச்சும் அடங்கும்.