பால் பைத்தான் பெட்டிக்குச் சூடு: முதலில் தெர்மோஸ்டாட்

பால் பைத்தானுக்கும் பாலுக்கும் சம்பந்தமில்லை, பயந்தால் பந்துபோல (ball) சுருண்டுகொள்ளும், அதனால்தான் அந்தப் பெயர். மேற்கு ஆப்பிரிக்கப் பாம்பு, தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ளத் தெரியாது. அதனால் வீட்டில் வளர்க்கும்போது அதன் பெட்டி முழுக்க ஒரே சூடாக இருந்தால் பிரயோஜனமில்லை. ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25, 26 என்று இருந்தால் அது தனக்கு வேண்டிய இடத்துக்குத் தானே நகர்ந்துகொள்ளும்.

ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் தட்டையான விரிப்பு) வாங்கினால் கண்ணாடித் தொட்டியின் அடியில், வெளிப்பக்கமாக, மூன்றில் ஒரு பங்கு இடத்துக்கு மட்டும் ஒட்டுங்கள். தெர்மோஸ்டாட் (சூட்டை அளந்து மேட்டுக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாமல் பிளக்கைச் செருகவே செருகாதீர்கள். நான் ஒருமுறை சும்மா சோதித்துப் பார்த்தேன், அரை மணி நேரத்தில் கண்ணாடி 43 டிகிரியைத் தாண்டிவிட்டது, நல்லவேளை உள்ளே பாம்பு இல்லை. சூடு சுடுகிறதே என்று பாம்பு உடனே விலகிவிடும் என நம்ப முடியாது, வயிறு வெந்த பிறகும் அங்கேயே கிடக்கும்.

தெர்மோஸ்டாட்டின் சூட்டை அளக்கும் சென்சார் ஒயரை மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வையுங்கள். உள்ளே வைத்தால் பாம்பு இழுத்துப் போட்டுவிடும், இல்லாவிட்டால் அதன்மேல் மூத்திரம் போய்விடும், அப்புறம் கருவி தப்பாகப் படித்து மேட்டைக் கொதிக்கவிடும். அடியில் தேங்காய் நார்த்தூளைக் கனமாகப் போட்டால் சூடு மேலே வராது, மெல்லியதாகப் பரப்பினால் போதும்.

ஹீட் ராக் (மின்சாரத்தில் சூடாகும் செயற்கைக் கல்) வேண்டவே வேண்டாம். ஒளிந்துகொள்ள இரண்டு பக்கமும் ஒவ்வொரு மறைவிடம் வையுங்கள், ஒன்றுதான் இருந்தால் அங்கே குளிராக இருந்தாலும் அதை விட்டு வெளியே வராது. எல்லாம் பொருத்தியபின் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு அளந்துவிட்டு, அப்புறம் பாம்பை விடுங்கள்.